எஸ்தர் ஓட்டினால் மட்டும் நிற்கும் வண்டி

"ஏனுங்க தம்பி, உங்க வண்டி மறுக்கா நின்னுபோச்சுங்க. நேத்தாட்டம் தரையில இல்லீங்க, ரேம்ப் மேல, லோடோட! பின்னால நின்ன லோடுமேன் தாவிக் குதிச்சதால பொழைச்சாரு. நீங்க இப்பவே வரோணுமுங்க."

போனில் பேசியவர் நாச்சிமுத்து. திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி நடத்தியவர். நான் அப்போது ஒரு ஃபோர்க்லிஃப்ட் டீலரிடம் சர்வீஸ் இன்ஜினியர். திருப்பூரும் சுற்றுவட்டாரமும் என் ஏரியா. சேவூரில் வீடு என்பதால் கூப்பிட்ட குரலுக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், 'நின்னுபோச்சு' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கவலையைவிடப் பரபரப்புதான் அதிகமாக வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் திருப்பூரில் எலெக்ட்ரிக் ஃபோர்க்லிஃப்ட் அபூர்வம். நாச்சிமுத்து அதை வாங்கியதற்குக் காரணம் இருந்தது. டீசல் வண்டியின் புகை வெள்ளைத் துணியில் படிந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும். அவருடைய வெளிநாட்டு பையர் அட்டைப்பெட்டிகளைப் பேலட் என்ற மரத்தட்டில் அடுக்கித்தான் அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே ஒவ்வொரு பேலட்டையும் ஃபோர்க்லிஃப்ட் தூக்கிக்கொண்டு, இரும்பு ரேம்ப் ஏறி, கன்டெய்னருக்குள் போய் வைத்துவிட்டு வர வேண்டும். ரேம்ப் நல்ல சரிவு. அதன் நடுவில் வண்டி செத்துப்போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1. பெடல் போச்சு, மூளை போச்சு

வந்து போகும் கோளாறுதான் எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டியை எவரும் சரிசெய்துவிடலாம். நாம் போய் நிற்கும்போது நல்ல பிள்ளையாக ஓடி, நாம் கிளம்பியதும் மறுபடி நிற்கும் வண்டி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும்.

இந்த வண்டி அந்த ரகம். ஓடிக்கொண்டே இருக்கும்போது டிரைவ் மட்டும் சட்டென்று அறுந்துவிடும். பாரம் தூக்கும் ஃபோர்க் ஏறும், இறங்கும், ஹாரன் அடிக்கும், சக்கரம் மட்டும் சுற்றாது. சாவியை அணைத்துப் போட்டால் சில சமயம் ஓடும், சில சமயம் ஓடாது. கீழே தள்ளிவந்து நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

முதல் முறை போனபோது கோளாறைப் படித்துக் காட்டும் ப்ரோகிராமர் கருவியைச் சொருகிப் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டர் கோளாறு என்று காட்டியது. எங்கள் வழக்கப்படி செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பி போட்டுப் பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்தேன். நீளமான கேபிள் கொடுத்து வண்டிக்கு உயிர் கொடுத்தேன். பெடல், ஒயர், கனெக்டர் எல்லாவற்றையும் மீட்டரில் பார்த்தேன். எல்லாம் சுத்தம். சந்தேகத்துக்குப் பெடல் அசெம்பிளியையே மாற்றினேன். அந்த வாரமே மறுபடி நின்றது.

இரண்டாவது முறை கன்ட்ரோலரை மாற்றினேன். வண்டியின் மூளை அதுதான். மறுபடியும் பேட்டரியைத் தூக்கினேன், எல்லாம் பார்த்தேன், எல்லாம் நன்றாகவே இருந்தது. அதுவும் பலிக்கவில்லை.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் ரங்கராஜன் சார் சென்னைக்காரர். போனிலேயே சிரித்தார். "என்னப்பா, பெடல் மாத்தியாச்சு, கன்ட்ரோலர் மாத்தியாச்சு. அடுத்து ஆபரேட்டரை மாத்தப்போறியா?"

அவர் விளையாட்டாகச் சொன்னார். நாச்சிமுத்துவின் கம்பெனியில் அதை நிஜமாகவே செய்ய இருந்தார்கள்.

2. எஸ்தர்

வண்டிக்கு இரண்டு ஆபரேட்டர்கள். பகல் ஷிப்டில் எஸ்தர், சாயங்கால ஷிப்டில் முருகேசன். முருகேசன் வெள்ளகோவில்காரர், வண்டி வாங்கிய நாள் முதல் ஓட்டுகிறவர். ஆர்டர் அதிகமாகி இரண்டு ஷிப்டு ஆனபோது செக்கிங் பகுதியிலிருந்து எஸ்தரை எடுத்தார்கள். அவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கணவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஊரில் அப்பாவின் லோடு ஆட்டோவை ஓட்டிப் பழகிய கை. பயிற்சியில் நானே பார்த்திருக்கிறேன், ஒரு பெட்டியின் மூலைகூட நசுங்காமல் பேலட்டை வைப்பார்.

ஆனால் வண்டி நின்றதெல்லாம் அவர் ஓட்டும்போதுதான். முருகேசனும் இதே ரேம்பில்தான் ஏற்றினார். அவருக்கு ஒரு முறைகூட நிற்கவில்லை.

அந்தப் போன் வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது நாச்சிமுத்து கோடவுன் வாசலிலேயே நின்றார். "தம்பி, மிசின்ல ஒண்ணும் இல்லீன்னு நீங்களே ரெண்டு வாட்டி சொல்லிப்போட்டீங்க. அப்ப கோளாறு ஆளுகிட்டத்தானுங்களே? இந்தப் புள்ள வந்ததுக்கப்புறந்தானுங்க இந்த ரோதனையே. மறுக்கா செக்கிங்குக்கே போகச் சொல்லிப்போட்டேன்."

லோடுமேன்கள், பேக்கிங் பெண்கள், சூப்பர்வைசர் எல்லோரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் வண்டியின் பக்கத்திலேயே நின்றார். முகம் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"சார், நான் பெடல மிதிச்சிட்டேதான் இருக்கேன். வண்டி தன்னால நிக்கி. பின்னால உருளுதுன்னு தெரிஞ்சதும் பிரேக்க அமுக்கி ஹேண்ட் பிரேக்கப் போட்டது நான்தான். இல்லன்னா அந்த ஆளு இன்னைக்கு ஆஸ்பத்திரில கெடந்திருப்பாரு. அத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ."

அவர் சொன்னது உண்மை. இருந்தாலும் எனக்குள் வேறொரு எண்ணம் ஓடியது. எஸ்தர் ரொம்ப ஒல்லி. ஃபோர்க்லிஃப்ட் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்தால்தான் டிரைவ் கிடைக்கும். ரேம்ப் ஏறும்போது உடம்பு சாய்ந்து, எடை குறைந்து, சுவிட்ச் விட்டுவிட்டால்? முருகேசன் நல்ல கனம், அவருக்கு விடாது. ஆகா, பிடித்துவிட்டேன் என்று மனசுக்குள் விசில் அடித்தேன்.

"உங்க எடை என்னங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு? எடையக் கூட்டணும்னா வீட்டுல போயி நாலு தட்டு சோறு தின்னுட்டு வாரேன்" என்றார் எஸ்தர். பேக்கிங் பெண்கள் சிரித்துவிட்டார்கள். நாச்சிமுத்துவுக்கே சிரிப்பு முட்டியது.

மறுநாள் அடுத்த கன்டெய்னர். சாயங்காலத்துக்குள் தூத்துக்குடிக்குக் கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும். "நாளைக்கு ஒரு நாள் எஸ்தரே ஓட்டட்டும். நான் கூடவே இருக்கிறேன், லோடுமேன் ஒருத்தரும் ரேம்புக்குப் பின்னால் நிற்கக் கூடாது" என்று நாச்சிமுத்துவிடம் கேட்டுக்கொண்டேன். அரை மனதாகச் சம்மதித்தார்.

3. முள் விழுந்தது

காலையிலேயே போய்விட்டேன். இந்தத் தடவை எதையும் கழற்றுவதில்லை என்று முடிவு. கழற்றிக் கழற்றித்தான் இரண்டு முறை ஏமாந்திருந்தேன். கோளாறு வரும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

என்னிடம் முள் வைத்த பழைய மீட்டர்கள் இரண்டு இருந்தன. எண் காட்டும் மீட்டர் நிதானமாக யோசித்துத்தான் பதில் சொல்லும். முள்ளோ நடுங்கினால் நடுங்கியது உடனே தெரியும். ஒன்றைச் சீட் சுவிட்சுக்கும், இன்னொன்றை ஆக்ஸிலரேட்டர் சிக்னல் கன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்துக்கும் கொடுத்து, எஸ்தரின் கண்ணுக்கு எதிரே வண்டியின் கூரையைத் தாங்கும் முன் தூண்களில் இடமும் வலமுமாக டேப் போட்டு ஒட்டினேன். "வண்டி நின்னா எந்த முள் விழுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

தரையில் அரை மணி நேரம் ஓட்டச் சொன்னேன். இரண்டு முள்ளும் அசையவில்லை. கன்டெய்னர் வந்தது, ரேம்பை மாட்டினார்கள். முதல் பேலட் ஏறியது, இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. நான் ரேம்பின் பக்கக் கம்பியை ஒட்டி வண்டி கூடவே நடந்தேன். என் இதயம் மோட்டாரைவிட வேகமாக ஓடியது.

அடுத்த பேலட். ரேம்பின் பாதியில் மோட்டாரின் சத்தம் சட்டென்று அறுந்தது.

"விழுந்துட்டு! வலப்பக்கத்து முள்ளு விழுந்துட்டு சார்!" எஸ்தர் கத்தினார். அதற்குள் பிரேக் மிதித்து ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டார்.

வலப்பக்கத்து முள் ஆக்ஸிலரேட்டர். சீட் சுவிட்சின் முள் ஆடவே இல்லை. எடை என்ற என் கண்டுபிடிப்பு அந்த நொடியிலேயே குப்பைக்குப் போனது. அதனால் என்ன! பெடல் மிதிபட்டிருக்கிறது, சிக்னல் கன்ட்ரோலருக்கு வந்து சேரவில்லை. திருடன் இடையில் இருக்கிறான். குதிக்காத குறையாக இருந்தது எனக்கு.

ஆனால் எந்த இடத்தில்? எஸ்தருக்கு மட்டும் ஏன்?

4. முருகேசன் ஏறினார்

வண்டி மெதுவாகக் கீழே உருண்டு வந்து நின்றதும் நாச்சிமுத்து வந்துவிட்டார். அவர் முள்ளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "போதுமுங்க தம்பி. கப்பல் எனக்காக நிக்காதுங்க. முருகேசனுக்குப் போனப் போடுங்கப்பா, ஊட்டுல இருந்தா உடனே வரச் சொல்லுங்க."

எஸ்தர் இறங்கி, கையுறையைக் கழற்றிச் சீட்டின் மேல் வைத்தார்.

முருகேசன் டிவிஎஸ்ஸில் பறந்து வந்தார். எஸ்தரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார், அவருக்குக் கூச்சம். ஏறி உட்கார்ந்து, அதே பேலட்டோடு ரேம்பில் ஏறினார்.

பாதி ஏறியதும் வண்டி நின்றது.

முருகேசன் பெடலை மிதிக்கிறார், மறுபடி மிதிக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. வலப்பக்கத்து மீட்டரில் முள் விழுந்து கிடந்தது.

"என்னடாது?" என்றார் நாச்சிமுத்து, யாரையும் பார்க்காமல்.

"எனக்கு இப்பிடி ஒரு நாளும் நின்னதில்லீங்க" என்றார் முருகேசன். அவர் குரலில் பயம் இருந்தது. "ராத்திரி எத்தன லோடு ஏத்தியிருக்கேன். இதே ரேம்புதானுங்க, இதே வண்டிதானுங்க."

இதே வண்டி. அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். இதே வண்டிதானா? ஆள் மாறியும் கோளாறு மாறவில்லை. அப்படியானால் அது ஆளோடு வரவில்லை, ஷிப்டோடு வருகிறது. பகலுக்கும் ராத்திரிக்கும் இந்த வண்டியில் என்ன மாறுகிறது?

கண் தானாக மூலைக்குப் போனது. அங்கே சார்ஜரில் மாட்டியபடி இன்னொரு பேட்டரி நின்றது.

இரண்டு ஷிப்டு ஆரம்பித்தபோது இரண்டாவது பேட்டரி ஒன்றை வேறு இடத்தில் வாங்கியிருந்தார்கள். ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறி, காலையில் எஸ்தரின் ஷிப்டுக்கு அது வண்டிக்குள் போகும். சாயங்காலம் அதைத் தூக்கிவிட்டு, வண்டியோடு வந்த பழைய பேட்டரியை முருகேசனுக்கு வைப்பார்கள். எஸ்தர் இந்த வண்டிக்கு வந்த வாரமும் புதுப் பேட்டரி வந்த வாரமும் ஒன்று! இந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். புதுப் பேட்டரியின் வோல்டேஜை இரண்டு முறை பார்த்து 'நல்ல பேட்டரி' என்று நானே சொல்லியிருக்கிறேன்.

வோல்டேஜ் நல்லதுதான். அகலம்?

பையிலிருந்து அளவு டேப்பை உருவிக்கொண்டு ஓடினேன். மூலையில் நின்ற பழையதை அளந்தேன். திரும்பி ஓடி வந்து, வண்டியைக் கீழே இறக்கச் சொல்லி, சீட்டைத் தூக்கி உள்ளே இருந்ததை அளந்தேன். புதியது மூன்று விரல் குறைவு. முன்பக்கம் மூன்று விரல் இடைவெளி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பேட்டரி பின்பக்கமாக நகர்ந்து, முன்பாரத்தைச் சமன்செய்யப் பின்னால் வைத்திருக்கும் இரும்பு வெயிட்டோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது.

"தூக்கலாங்களா?" என்று லோடுமேன் செயின் பிளாக்கை இழுத்தார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். அத்தனை பேரும் திடுக்கிட்டுவிட்டார்கள். "தொடாதீங்க சாமி. ஒரு கடப்பாரை மட்டும் கொண்டாங்க."

5. கடப்பாரை

லீவரை நியூட்ரலில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். சாவி ஆனில். எஸ்தரைக் கூப்பிட்டேன். "கையாலயே பெடலை அமுக்கிப் பிடிச்சுக்குங்க. என்ன ஆனாலும் விடாதீங்க. முள்ளைப் பாருங்க."

பேட்டரிக்கும் வெயிட்டுக்கும் நடுவில் கடப்பாரையின் நுனியை நுழைத்து, ஒரு நெம்பு நெம்பினேன். அத்தனை கனமும் ஒரு முனகலோடு முன்னால் நகர்ந்தது.

"ஏறிட்டு!" என்றார் எஸ்தர். "முள்ளு ஏறிட்டு!"

முன்பக்கம் போய்ப் பின்னால் தள்ளினேன்.

"விழுந்துட்டு!"

மறுபடி முன்னால். "ஏறிட்டு!" மறுபடி பின்னால். "விழுந்துட்டு!" பேக்கிங் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் நெம்ப நெம்ப, "ஏறிட்டு, விழுந்துட்டு" என்று கோடவுனே கூவியது. சட்டை முழுக்க வியர்வை. அந்த நிமிஷத்தில் உலகத்திலேயே சந்தோஷமான மனிதன் நான்தான்.

அதன் பிறகுதான் பேட்டரியைத் தூக்கினோம். பெடலிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் மெல்லிய ஒயர்க் கட்டு பேட்டரிப் பெட்டியின் ஓரமாகப் போகும். அதைப் பிடித்திருந்த கிளிப் ஒன்று உடைந்து, ஒயர் தொங்கியிருந்தது. ரேம்ப் ஏறும்போதும், சில சமயம் தரையில் சட்டென்று கிளம்பும்போதும், புதுப் பேட்டரி பின்னால் சறுக்கி அதை நசுக்கி இழுத்திருக்கிறது. மேல் தோல் முழுசாக இருந்தது. பிளேடால் கீறினேன். உள்ளே செம்பு அறுந்து, இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. இழுத்தால் பிரியும், விட்டால் சேரும். பழைய பேட்டரி இறுக்கமாக உட்கார்ந்ததால் அசைவே இல்லை. அறுந்த ஒயரிலும் முருகேசன் நிம்மதியாக ஓட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு தடவையும் நான் முதல் வேலையாகப் பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்தேன் அல்லவா? தூக்கியதும் ஒயர் தளர்ந்து, முனைகள் சேர்ந்து, மீட்டரில் எல்லாம் சுத்தம் என்று வந்திருக்கிறது.

புது ஒயரை வேறு வழியாக, பேட்டரிக்கு எட்டாத உயரத்தில் இழுத்துக் கட்டினேன். இடைவெளியில் பேலட் கட்டைகளை அறுத்து இறுக்கமாகச் சொருகினேன். அடுத்த வாரம் அனுப்பர்பாளையத்தில் ஒரு பட்டறையில் அளவெடுத்து எஃகுப் பெட்டி ஒன்று செய்து, புதுப் பேட்டரியின் முன்பக்கத்தோடு நிரந்தரமாகப் பொருத்தினோம். வண்டியில் பேட்டரி எடை எழுதியிருக்கும் தகட்டைப் பார்த்துப் புதுப் பேட்டரியின் கனம் வண்டிக்குப் போதும் என்பதையும் உறுதிசெய்துகொண்டேன். பேட்டரியும் சேர்ந்துதானே முன்னால் தூக்கும் பாரத்தைச் சமன்செய்கிறது.

6. எல்லோர் முன்னாலும்

மதியம் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் பேலட்டுகள் கீழேதான் இருந்தன. முருகேசன் சீட்டிலிருந்த கையுறையை எடுத்து எஸ்தரிடம் நீட்டினார். "உங்க ஷிப்டுங்க இது. நான் கெளம்பறேன்."

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "ஏறு கண்ணு. நேரமாகுது பாரு."

எஸ்தர் கையுறையை வாங்கிக்கொண்டார். ஏறவில்லை. "ஏறுதேன் சார். நேத்து நீங்க என்னையச் சொன்னப்போ இங்க இருக்கிற அத்தன பேரும் கேட்டுட்டு நின்னாவ. இன்னைக்கும் அத்தன பேரும் நிக்காவ."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. திருப்பூரில் ஒரு முதலாளியிடம் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நாச்சிமுத்து எல்லோர் பக்கமும் திரும்பினார். "நாந்தான் அவசரப்பட்டுப் பேசிப்போட்டேன். இந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க. நேத்து பிரேக் போட்டு ஆளக் காப்பாத்துனதே இதுதான். எல்லாருக்கும் கேட்டுதுங்களா?" எஸ்தரிடம் திரும்பி, "மனசுல வெச்சுக்காத கண்ணு" என்றார்.

எஸ்தர் ஏறி உட்கார்ந்தார். ரேம்பின் பாதி வந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வண்டி நிற்கவில்லை. பேலட் பேலட்டாக உள்ளே போனது. வெயில் சாய்வதற்குள் கன்டெய்னர் கதவைச் சாத்தி சீல் வைத்துவிட்டார்கள்.

ரங்கராஜன் சாருக்குப் போன் செய்தேன். "என்ன மாத்தின?" என்றார்.

"ரெண்டு அடி ஒயருங்க சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வந்து போகும் கோளாறுக்குப் போனால், அவசரப்பட்டு எதையும் கழற்றாதீர்கள். கோளாறு வரும் வரை வண்டி கூடவே நடங்கள். "இன்னார் ஓட்டினால் மட்டும்தான் நிற்கிறது" என்று யாராவது சொன்னால், அதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். எங்களுக்குக் கிடைத்த தகவல்களிலேயே சரியானது அதுதான். நாங்கள்தான் அதைத் தப்பாகப் படித்தோம். அந்த ஆள் வரும்போது அவரோடு சேர்ந்து வேறு என்னென்ன வருகிறது என்று தேடுங்கள். அதே பேட்டரி, அதே நேரம், அதே வழி, அதே லோடு. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக அந்த மனிதரைப் பாருங்கள். பெரும்பாலும் அதுவரை போக வேண்டியே வராது.